பியர்ஃபித்தில் ஒரு தேநீர்ப் பகிஷ்கரிப்பு

பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் எனக்கு அமெரிக்கா புதன்கிழமை காலைகளில் வரும். ஆங்கிலம் படிக்கச் சேர்ந்த எல்லோருக்கும் அமெரிக்க வரலாற்றின் தொடக்கத்தைக் கட்டாயப் பாடமாக வைத்திருந்தார்கள். கடல் தாண்டி வந்து குளிரில் பசி கிடந்தவர்கள், புகையிலைத் தோட்டங்கள், அடிமைக் கப்பல்கள், ஒன்றோடொன்று ஒத்துவராத பதின்மூன்று குடியேற்றங்கள். மண்டபத்தில் பாதிப்பேர் தூங்குவார்கள். நான் முதல் வரிசையில் இருந்துகொண்டு, விரிவுரையாளர் மூச்சு விடுகிற இடைவெளியில் கையைத் தூக்குவேன். வகுப்பு முடிந்து, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் மெட்ரோவை விட்டு இறங்கும்போது வாய் நிறையக் கதை இருக்கும். கேட்பதற்கு யாராவது அகப்பட வேண்டும். பெரும்பாலும் அம்மா அகப்படுவார்.

பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய கதை வந்த அன்று அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“கப்பலில ஏறி, தேயிலைப் பெட்டி எல்லாத்தையும் உடைச்சுக் கடலுக்குள்ள கொட்டினவை அம்மா!”

“ஆற்றை தேயிலை?”

“லண்டன் கம்பனி ஒண்டின்ரை.”

“எங்கடை தேயிலையோ?”

“இல்லை, சீனத்துத் தேயிலை. அந்தக் காலம் இலங்கையில ஆரும் தேயிலை நடவேயில்லை.”

அம்மாவின் கத்தி நின்றது. “தேயிலை இல்லாத இலங்கையோ? சும்மா போடி.”

புரட்சியை விட இதுதான் அவரை உலுக்கியது. அன்று பின்னேரம் மரக்கறி வாங்கப் போன இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிறிய வகுப்பு ஒன்றும் இருந்தது. அங்கே ஒவ்வொருவரும் எல்லோர் முன்னும் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும், எக்ஸ்போசே என்பார்கள். நான் எடுத்தது தேயிலையைக் கொட்டிய ஆண்களை அல்ல, வீட்டில் தேநீரை விட்ட பெண்களை. வரி போட்ட தேயிலை இனி எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் கூடிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். லண்டனில் அவர்களைக் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை வெறுமனே வாசித்துவிட்டுப் பேசுவதா? நானும் விட்டுப் பார்க்க வேண்டாமா? எக்ஸ்போசே முடியும்வரை ஒரு சொட்டுத் தேநீரும் இல்லை என்று குசினி வாசலில் நின்று அறிவித்தேன்.

“வரி கட்டினது அவங்கள், தேத்தண்ணியை விடுறது நீயோ?” என்றார் அம்மா.

அண்ணா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ரெண்டு நாள். அதுக்குப் பிறகு தலையிடி எண்டு சொல்லிக் குடிப்பாள்.”

அவன் அப்படிச் சொன்னதால்தான் நான் கடைசிவரை பிடித்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

தெரிந்த முகத்தோடு லா ஷப்பலில் தேநீரை விடுவது லேசான காரியம் இல்லை. சீலைக்கடை அன்ரியின் கடைக்குள் கால் வைத்தாலே பின்பக்கம் கேத்தில் கொதிக்கத் தொடங்கிவிடும்.

“வேண்டாம் அன்ரி.”

“ஏன் பிள்ளை, வயித்துக்குள்ள ஏதுமோ?”

“இல்லை அன்ரி, பகிஷ்கரிப்பு.”

“ஆருக்கு எதிரா?”

“பழைய இங்கிலாந்து ராசாவுக்கு.”

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்த மனுசன் உமக்கு என்ன செய்தது?”

பக்கத்து ரோல்ஸ் கடை அண்ணை இன்னும் தெளிவாக இருந்தார். “டயற் எண்டால் ரோல்ஸை விடும் தங்கச்சி. தேத்தண்ணி என்ன பாவம் செய்தது?”

அந்தச் சீலைக்கடை அன்ரிதான் அப்போது எங்கள் வீட்டுக்கு மிக முக்கியமான ஆள். அண்ணாவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை செய்கிறவர். இரண்டு பேரும் பழகி நாளாகிவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு எதுவும் முறைப்படி வர வேண்டும். அதனால் அன்ரி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று, சம்பந்தத்தைத் தானே கண்டுபிடித்ததுபோலக் கொண்டுபோனார். பெண்ணின் அப்பா லா கூர்னெவ்வில் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஒரே மகள். போகிற வீட்டில் அவளை மதிப்பார்களா என்பது ஒன்றுதான் அவருடைய கவலையாம். பலநாள் யோசித்து, சரி, வந்து பாருங்கள் என்றார். அவர் ஓம் என்றால் கலியாணம். இல்லை என்றால் இல்லை. அப்பாவை மீறி வரமாட்டேன் என்று பெண் அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஏறிப் பெண் வீடு இருக்கிற பியர்ஃபித்துக்குப் போனோம். அண்ணா வழி முழுக்கச் சேர்ட்டின் கையை மடிப்பதும் இறக்குவதுமாக வந்தான். அங்கே எல்லாம் நன்றாகவே நடந்தது. அப்பாக்கள் இரண்டு பேரும் வாகனத் தரிப்பிடம் கிடைக்காததைப் பற்றிப் பேசி ஒற்றுமையானார்கள். பெண் தட்டத்தில் தேநீர் கொண்டுவந்தார். அப்பா ஒரே மூச்சில் குடித்தார். அம்மா, “நல்ல சாயம்,” என்றார். அண்ணா பெண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

“நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, நான் கேக்கை எடுத்தேன். நல்ல கேக். இன்னொரு துண்டும் எடுத்தேன். பெண் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் முகத்தை எப்படி எப்படியெல்லாம் வைப்பார்கள் என்று செய்து காட்டினார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

என் முன்னால் வைத்த கோப்பையில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் பார்த்தார். வெள்ளை மேசைவிரிப்பில் கறை பட்டுவிடும் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்து, நான் கோப்பையை என்னிடமிருந்து நடுமேசைக்குத் தள்ளி வைத்தேன்.

அடுத்த நாள் மாலை சீலைக்கடை அன்ரி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா வழக்கம்போல ஊருக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

“என்னெண்டு சொல்ல அக்கா… அவர் வேண்டாம் எண்டுறார். மாப்பிள்ளையின்ரை தங்கச்சிக்கு விருப்பமில்லையாம்.”

“ஆர் சொன்னது?”

“பொம்பிளை போட்டுக் குடுத்த தேத்தண்ணியை வாயில வைக்கேல்லையாம். அதோடை விட்டாலும் பரவாயில்லை, எல்லாற்றை முன்னாலையும் கையாலை தள்ளி வைச்சவவாம். இருக்கிறது ஒரு தங்கச்சி, அவவே இப்பிடியெண்டால் என்ரை பிள்ளை அங்கை எப்பிடிச் சீவிக்கிறது எண்டு கேக்கிறார்.”

அண்ணா அறைக்குள்ளிருந்து வந்தான். “ஸே பா வ்ரே!” பொய்தானே என்று கெஞ்சுவதுபோல என்னைப் பார்த்தான். “குடிக்கேல்லையோ நீ? அங்கையுமோ?”

“கேக் ரெண்டு துண்டு சாப்பிட்டனானே!”

“கேக் கடையில வாங்கினது. தேத்தண்ணி அவள் போட்டது.”

நான் வாயைத் திறக்க முன் அவனே தொடர்ந்தான். “நீ அமெரிக்காவைக் காப்பாத்து. நான் இப்பிடியே கிடந்து நரைக்கிறன்.”

பகிடியாகத்தான் சொன்னான், ஆனால் முகம் பகிடியாக இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அண்ணா முன்னால் உடைந்து நிற்கிற நேரம் என் புத்தி நேரே பொஸ்டனுக்குத்தான் ஓடியது. இவ்வளவு நாளும் நான் தேநீரை வரி என்று படித்திருக்கிறேன். வரி துறைமுகத்தில். தேநீர் குடிப்பது யாராவது ஒருவருடைய வீட்டுக்குள். ஒரு பெண் குடிக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த நாள் மச்சாள் வீட்டுக்குப் போனால், மச்சாள் கோப்பையை நீட்டினால், அங்கே நிற்பது ராசா இல்லையே, மச்சாள்தானே! பிறகு எக்ஸ்போசேயில் இதைச் சொன்னபோது, நன்றாக இருக்கிறது, எங்கே வாசித்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார். பியர்ஃபித்தில் என்று சொல்ல முடியுமா?

வீட்டில் ஆலோசனை நடந்தது.

“அவளுக்கு அல்சர் எண்டு சொல்லுவம்,” என்றார் அம்மா.

“பிறகு வருத்தக்காரக் குடும்பம் எண்டுவினம்,” என்றான் அண்ணா.

“உண்மையைச் சொல்லுவம்,” என்றேன் நான்.

“உண்மை அல்சரை விட மோசம்.”

ஆனாலும் வேறு வழி ஒன்றும் அவனுக்கும் தெரியவில்லை. மறுநாள் வகுப்பு முடிய நேரே பியர்ஃபித்துக்குப் போனேன். அண்ணாவும் வந்தான், ஆனால் ஸ்டேசனுக்கு வெளியே நின்றுவிட்டான். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு மாப்பிள்ளை ஏறிப் போகக்கூடாதாம்.

பெண்ணின் அப்பா வேலை உடுப்போடு கதவைத் திறந்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் இருந்தேன். மூச்சு விடாமல் சொன்னேன்: வகுப்பு, வரி, கப்பல், எக்ஸ்போசே, விரிப்பில் கறை.

“அமெரிக்காவுக்காக என்ரை மேளின்ரை தேத்தண்ணியைத் தள்ளி வைச்சனீர்,” என்றார் அவர்.

“ஓம் அங்கிள். அப்பிடித்தான்.”

கைபேசியில் அந்தக் கேலிச்சித்திரத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். “இதுகள் என்ன செய்யுதுகள்?”

“இனித் தேயிலை வேண்டாம் எண்டு கையெழுத்து வைக்கினம்.”

“இவையள் ஒரு வீட்டை போய், குடுத்ததைக் குடிக்காமல் வந்தால் அந்த வீட்டுக்காரர் சும்மா இருந்திருப்பினமோ?”

“எங்கை சும்மா இருக்கிறது… கட்டாயம் கோவிச்சிருப்பினம்.”

“கோவிச்சிருப்பினம்தானே!” அவர் கதிரையில் சாய்ந்து இருந்தார். முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. உலகத்தில் தான் மட்டும் கோபித்த ஆள் இல்லை என்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பிறகு நேராகக் கேட்டார். “எனக்கு அமெரிக்கா வேண்டாம். என்ரை பிள்ளையை உமக்குப் பிடிச்சிருக்கோ, இல்லையோ?”

“அண்ணாவை விடப் பிடிச்சிருக்கு அங்கிள்.”

குசினிக்குள் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பெண்தான். அங்கிருந்தே கேட்டார். “தேத்தண்ணி இல்லையெண்டால் அவையள் வேற என்ன குடிச்சவையாம்?”

“சிலபேர் கோப்பி. சிலபேர் ராஸ்பெரி இலை, கண்ட கண்ட இலையெல்லாம் அவிச்சுக் குடிச்சவை.”

கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பை வந்தது. வறுத்த மல்லியும் இஞ்சியும் மணத்தது. “மல்லித்தண்ணி. இதுக்கு ராசா வரி போடேல்லை,” என்று என் முன்னால் வைத்தார்.

கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஊதிக் குடிக்கலாம்தான். ஆனால் எதிரே இருந்தவரின் கண் கோப்பையை விட்டு எடுபடவில்லை. ஆற வைத்தால் அதற்கும் ஏதாவது அர்த்தம் வந்துவிடும். நாக்கு வெந்தாலும் நிறுத்தவில்லை. முடித்துக் கோப்பையை வைத்தபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் எட்டிக் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார். மறுபக்கம் சீலைக்கடை அன்ரியின் குரல் எனக்கும் கேட்டது. இவர் சொன்னார்:

“ஓம், இஞ்சை வந்திருக்கிறா… இல்லை, இல்லை, குடிச்சிட்டா. முழுக்கக் குடிச்சிட்டா. அவையளை இந்த ஞாயிறு கலியாணத்துக்கு நாள் பாக்க வரச் சொல்லுங்கோ.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தனியவோ வந்தனீர்?”

“அண்ணா… ஸ்டேசனில நிக்கிறார்.”

“இந்தக் குளிருக்கையோ? வரச் சொல்லும்.” ஒரு கணம் யோசித்தார். “அவரும் ஏதும் பகிஷ்கரிப்போ?”

“இல்லை அங்கிள். அவர் இண்டைக்கு எதைக் குடுத்தாலும் குடிப்பார்.”