காடை குலமும் ஒரு ஜிபி டிஸ்க்கும்

சூலூரில் எங்கள் தெருவுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது எந்த விசைத்தறி முதலாளியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் அக்காதான். தமிழ்த் தட்டச்சு படித்தவர். கோவை ஆர்.எஸ்.புரத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்துக் கோத்துக் கொடுக்கும் ஒரு கடைக்கு வருடக் கணக்காகப் பஸ்ஸில் போய் வந்தார். பஸ்ஸில் தொங்கியது போதும், அதே வேலையை வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று தொண்ணூற்றைந்தில் கிளம்பிவிட்டார்.

கணவர் தம்பிதுரை சரி என்றார். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் சொல் செல்லுவது அவருடைய அண்ணன் சுப்பண்ணனுக்கு. நூல் மூட்டை அடுக்கியிருந்த அறையை வேண்டாவெறுப்பாக ஒழித்துக் கொடுத்தவர், வேலை தேறாவிட்டால் மூட்டைகள் மறுபடி உள்ளே வந்துவிடும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்தார். அக்காவுக்கு அந்த அறை போனால் மறுபடி பஸ்தான்.

காந்திபுரத்தில் நசுருதீன் என்பவர் கடையில் பேரம் நடந்தது. கூடமாட நானும் போயிருந்தேன். கையிலிருந்த பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். கலர் மானிட்டரும் சின்ன ஹார்ட் டிஸ்க்கும், இல்லையென்றால் கறுப்பு வெள்ளை மானிட்டரும் ஒரு ஜிபி ஹார்ட் டிஸ்க்கும். நசுருதீன் நல்ல மனுஷர். மனசாரத்தான் கலரைச் சொன்னார். பத்திரிகை அச்சானதும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் இடம் தானாகக் கிடைக்கும், இத்தனை பெரிய டிஸ்க்கை வாங்கி எதை வைத்து நிரப்பப் போகிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா அசரவில்லை. "ஏனுங்க, எங்க பக்கம் ஒரு பத்திரிகையோட எதும் முடியறதில்லீங்க. அக்காளுக்கு அடிச்சது நாளைக்குத் தங்கச்சிக்கும் வேணும். குலதெய்வப் படம் ஒண்ணொண்ணும் ஒரு ஃப்ளாப்பி முழுக்க வருது. அழிக்கறதுக்கு எனக்குக் கை வராதுங்க. பெரிய டிஸ்க்கே குடுங்க."

வந்து இறங்கிய பெட்டியைப் பார்த்துச் சுப்பண்ணன் சிரித்த சிரிப்பு எனக்கே எரிச்சலாக இருந்தது. இத்தனை செலவு செய்து கறுப்பு வெள்ளையா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அக்கா தன் வேலையைப் பார்த்தார். சுப்பண்ணனின் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகை, பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் மூத்த மகன் பத்திரிகை என்று ஒவ்வொன்றாகச் செய்து, எதையும் அழிக்காமல் டிஸ்க்கில் சேர்த்துக்கொண்டே போனார்.

இரண்டு வருடம் கழித்துச் சுப்பண்ணனின் இளைய மகளுக்கு அதே பொள்ளாச்சி வீட்டில் இளையவர் மாப்பிள்ளையாக அமைந்தார். பெரிய இடம். அதனால் சுப்பண்ணன் பத்திரிகை வேலையைத் தம்பி மனைவியிடம் தராமல் டவுனில் ஒரு பெரிய அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கலர் பத்திரிகை வருமா என்று காரணமும் சொன்னார். மானிட்டர் கலருக்கும் அச்சு மைக்கும் சம்பந்தமே இல்லை என்று யார் அவருக்குச் சொல்வது? அன்று அக்கா அழுததை நான் பார்த்தேன்.

பத்திரிகை வந்தது. மினுமினுவென்று தங்க ஓரம். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைக்கக் குடும்பமே திரண்டு போனது. பூசாரி வழக்கப்படி உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, பொண்ணும் காடை குலம், மாப்பிள்ளையும் காடை குலம்னு போட்டிருக்குதுங்களே. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமாங்க கண்ணாலம்?"

ஒரே குலம் என்றால் பங்காளிகள். கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் உண்மையில் தூரன் குலம்; அச்சகத்தில்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள். இந்தத் தாள் பொள்ளாச்சிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுப்பண்ணன் பத்திரிகையைப் பூசாரி கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அங்கிருந்தே அச்சகத்துக்கு ஓடினார். அவர்களோ இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் அழித்துவிட்டிருந்தார்கள். முதலிலிருந்து கோத்துத்தான் ஆக வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் நேராக அந்த அறை வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். டிஸ்க்கிலிருந்து மூத்த மகளின் பத்திரிகையை எடுத்தார். காடை குலம், தாத்தா முதல் தாய்மாமன் வரை பெண் வீட்டார் வரிசை அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் பத்திரிகையையும் திறந்தார். தூரன் குலம், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், அவர்களுடைய அம்மன். இரண்டையும் சேர்த்து, மணமக்கள் பெயரையும் தேதியையும் மாற்றினார். கறுப்பு வெள்ளையில் தன் குலதெய்வம் தெரிந்ததும் சுப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

ஃப்ளாப்பிகளை வாங்கிக்கொண்டு எழுந்தவர், ஏதோ நினைத்துத் திரும்ப உட்கார்ந்தார்.

"அம்மணி, கடேசீல அச்சகத்துப் பேரு போடுவாங்கல்ல, அந்த எடத்துல உம்பேரப் போடு."

"எதுக்குங்க மாமா?"

"போடு கண்ணு. நாஞ் சொல்றேன்."

வேறொரு அச்சகத்தில் மஞ்சளும் குங்குமச் சிவப்புமாகப் பத்திரிகை தயாராகி வந்தது. மறுபடியும் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். சூடுபட்ட பூசாரி இந்த முறை ஒரு எழுத்தையும் விடவில்லை. குலம் சரி, கோத்திருந்த பெயர்கள் சரி. யாரும் எப்போதும் படிக்காத கடைசி வரியையும் அம்மன் முன்னால் உரக்கப் படித்தார்.

"கம்ப்யூட்டர் எழுத்துக் கோப்பு: தம்பிதுரை பழனாத்தாள், சூலூர்."