மொட்டை மாடி சுடவில்லை என்று சொன்னேன்

சகோதரிகளே, போன குற்றால சீசனில் இதே சபையில் எழுந்து நின்று நான் சொன்ன சாட்சி தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இன்றைக்கு ஊன்றுகோலோடு வந்திருக்கிறேன். முழுக்கக் கேளுங்கள். அப்புறம் ஆமென் சொல்லலாம்.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடம். வீட்டுக்காரர் குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். மேலகரத்து வீட்டின் பின்கட்டில் நாள் முழுக்க வாழைக்காய் சீவி எண்ணெயில் போடுகிற எனக்கு வெயில் ஏது? போன வைகாசியில் தென்காசியில் ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை எகிறியிருந்தது. வைட்டமின் டி அடியில் கிடந்தது.

"வாரம் ஒரு பொடியப் பால்ல கலக்கிக் குடிங்க. காலைல கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க. டி ஏறினா சர்க்கரைக்கும் கொஞ்சம் உதவலாம். ஆனா சுகர் மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க," என்றார் டாக்டர்.

நான் வெயிலை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். வெயில் கர்த்தர் கொடுக்கிற மருந்து, மாத்திரை மனுஷன் செய்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் அது என்ன விசுவாசம்? இப்படி எனக்கு நானே பிரசங்கம் பண்ணிக்கொண்டு பொடியையும் மாத்திரை டப்பாவையும் அலமாரிக்குப் பின்னால் போட்டேன்.

ஆனி பிறந்தால் இங்கே வானம் மூடிக்கொள்ளும். நான் முழங்காலில் நின்று வெயில் கேட்டேன். கேட்டபடியே கிடைத்தது. சாரல் வரவில்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது.

"ஏட்டி, ஊரே சாரலுக்குக் காத்துக் கெடக்கு, நீ வெயிலுக்கு ஜெபம் பண்ணுத. வெளங்கும்!" என்று வீட்டுக்காரர் கத்தினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவ்வளவு கொழுப்பு.

உச்சி வெயிலில்தான் டி ஊறும் என்று ஃபோனில் யாரோ அனுப்பிய வீடியோவை நம்பி, தினமும் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடி ஏறினேன். செருப்புப் போட்டுக்கொண்டா ஜெபிப்போம்? கழற்றிவிட்டு நின்றேன். முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி நேரம். தளம் சுடவே இல்லை. கர்த்தர் என் பாதத்தைத் தாங்குகிறார் என்று இங்கே வந்து சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள்.

உண்மையில் சர்க்கரை என் பாதத்தின் உணர்ச்சியைத் தின்று முடித்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கினேன். "ஏட்டி, காலக் கழுவிட்டா வார? படியெல்லாம் ஈரம்," என்றார் வீட்டுக்காரர். குனிந்து பார்த்தேன். கொப்புளம் உடைந்த நீர். வலது பாதத்தில் தோல் கந்தல் துணியாகத் தொங்கியது. அப்போதும் வலி இல்லை. அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லி மஞ்சள் பூசினேன். பத்தே நாளில் விரல்கள் கறுத்துவிட்டன. நாற்றம் தாங்காமல் அவர் பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள். படுத்துக்கொண்டு அழுதேன். சுகம் கேட்க வாய் வரவில்லை. ஆண்டவரே, எங்கேயாவது ஒரு இடத்தில் வலிக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

சர்ஜன் விரலிலிருந்து ஊசியால் குத்திக்கொண்டே வந்தார். "இங்கன வலிக்கா?" இல்லை. "இங்கன?" இல்லை. நடுப்பாதத்தில் குத்தியதும் உயிர் போகிற மாதிரி அலறினேன்.

"கத்துங்கம்மா, நல்லாக் கத்துங்க. ரத்தமும் வருது. இதுக்கு அங்கிட்டு, குதிகால் பக்கம் உள்ளதக் காப்பாத்திரலாம்," என்றார்.

அந்த வலிதான் என் ஜெபத்துக்கு வந்த பதில். முன்பாதம் போயிற்று. குதிகால் மிஞ்சியது, அதில்தான் நிற்கிறேன். இப்போது டாக்டர் சொன்னபடி வாரம் ஒரு பொடி, தினமும் சர்க்கரை மாத்திரை. இரண்டையும் ஜெபித்துவிட்டு விழுங்குகிறேன். காலையில் வேதத்தைத் திறக்கும் முன் பாதத்தின் அடியில் புண் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன்.

கர்த்தரை நம்புங்கள். நானும் நம்புகிறேன், முன்னைவிட அதிகமாக.

எஸ்தர் அக்கா, என் பழைய சாட்சியைக் கேட்டுவிட்டு நீங்களும் செருப்பில்லாமல் மாடி ஏறுவதாகச் சொன்னீர்களே. வெட்கப்படாமல் இங்கேயே காலை நீட்டுங்கள். கிள்ளிப் பார்க்கிறேன். வலித்தால் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வோம். வலிக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறார்.