வாசித்துக் காட்டாமல் ஏலத்துக்கு வந்த கிடார்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கையால் தொடாமல், படங்களை மட்டும் பார்த்தே ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடார் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாதா? இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த எனக்குப் புதுக் கிடார் வாங்க வசதி இல்லை. பழைய கிடார்களை ஏலம் விடும் ஆன்லைன் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டேன்.

சீக்கிரமே கண் பழகியது. கிடாரின் நீண்ட கழுத்து வளைந்திருக்கிறதா, விரல் அழுத்தும் இடத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் பட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் திட்டு விழும்.

அப்படி ஒருநாள் அரூர் பக்கத்திலிருந்து ஒரு கிடார் வந்தது. ஃப்ரெட்டுகள் பள்ளம் விழத் தேய்ந்திருந்தன; கம்பிகளோ துருப்பிடித்துக் கிடந்தன. தினமும் வாசித்த யாரோ திடீரென்று நிறுத்தியிருக்கிறார்கள். கழுத்து வளைந்துபோயிருக்கும், அதனால்தான் என்று முடிவுகட்டினேன். வாசித்துக் காட்டும் வீடியோ இல்லாமல் எங்கள் குழுவில் யாரும் விலை கேட்க மாட்டார்கள். இதை விற்பவர் போட்ட வீடியோவில் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டதோடு சரி. “அண்ணே, கிடார் விக்கிறீங்களா, கம்பி விக்கிறீங்களா?” என்று ஒருவர் எழுத, எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். விலை மலிவாக இருந்ததால், நேரில் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லி நான் மட்டும் கேட்டேன். ஏலம் எனக்கே முடிந்தது.

அரூரில் இறங்கி, மரவள்ளிக் காடுகளைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனேன். விற்றவர் முப்பது வயதுக்காரர். இடது கைமேல் துண்டு போட்டிருந்தார். கிடாரை வாங்கி, அதன் கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அம்பு மாதிரி நேராக இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு. ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டியிருக்கலாமேங்க?”

அவர் துண்டை எடுத்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் போனதாம்.

“ஞாயித்துக்கெழமையானா சர்ச்சுல இவருதாங்க வாசிப்பாரு. இப்ப சர்ச்சுக்கே வரமாட்டேங்கறாரு” என்றார் அவர் மனைவி.

“அத வுடு. அந்தப் புள்ளைக்கு டீ போட்டுக் குடு.”

நான் சும்மா இருக்கவில்லை. இடது கைக்காரர்கள்போலக் கம்பிகளைத் தலைகீழாக மாட்டிக்கொண்டால், வலது கையால் அழுத்தி, இடது கையால் தட்டலாமே என்று படபடவென்று சொன்னேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு ஒன்னும் தெரியாதுங்க. பாட்டெல்லாம் போன வெரலுக்குத்தான் தெரியும்.”

பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். பாதியில் தடுமாறி நிமிர்ந்தேன். அவருடைய இடது கை தொடைமேல் இருந்தபடி, இல்லாத விரல்களால் நான் தடுமாறிய அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

கிடாரை விட்டுவிட்டு வரத்தான் பார்த்தேன். “எடுத்துட்டுப் போயிரும்மா. வூட்டுல இருந்தா கண்ணுல படுது” என்று அவரே சொல்லிவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆசைப்பட்ட கிடார் கிடைத்துவிட்டது. தர்மபுரி வரும்வரை அழுகையாக வந்தது.

இப்போது அதன் கம்பிகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். முடியுமா என்று பார்க்க, நானே கை மாற்றி வாசித்துப் பழகுகிறேன். விரல்கள் குழந்தை நடக்கிற மாதிரி தட்டுத் தடுமாறுகின்றன. வரும் ஞாயிறு, எதையும் முன்கூட்டிச் சொல்லாமல், இதைத் தூக்கிக்கொண்டு அரூர் பஸ் ஏறப்போகிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாரோ என்னவோ, தெரியாது. ஆனாலும் அவருடைய அந்த ஒன்றும் தெரியாத வலது கைக்கு ஒரே ஒரு பாட்டையாவது சொல்லிக்கொடுத்துப் பார்க்காமல், இந்தக் கிடாரை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.