ஹனீபா நானாவின் தகரக் குவளை

இன்று சொல்ல இருப்பவை:
1. கிண்ணியாவில் ஒரு காசநோயாளியின் வீடு.
2. ஒரு தகரக் குவளை.
3. மருத்துவிச்சிகளுக்குக் காசநோய்ச் சிகிச்சை கற்பிக்க நான் ஏற்றவன் அல்ல என்பது.

பயிற்சிக்கு வந்த இரண்டு மருத்துவிச்சிகளுடன் காலையில் படகேறிக் கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே மீன் வியாபாரி ஹனீபா நானா இந்த வாரம் காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"இருமல் நிண்டிட்டுது சேர். ஆனா வீட்டில இன்னும் எனக்குத் தனிக் குவளை. மருந்து குடிச்சென்ன, விட்டென்ன?"

குவளையால் இந்த நோய் தொற்றாது என்று வகுப்பில் பலமுறை சொன்னவன் நான். இந்த வீட்டுக்கு வந்து ஒருமுறையும் சொன்னதில்லை.

அவர் மனைவி எங்களுக்குப் பூப்போட்ட கோப்பைகளில் தேநீர் தந்தார். நானாவுக்கு மட்டும் தகரக் குவளை.

என் கோப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் குவளையை வாங்கிக் குடித்தேன். அவசரமாகக் குடித்ததில் பாதி சட்டையில் சிந்தியது.

"சேர், அது அவர்ட குவளை!" என்று மனைவி பதறினார்.

"ஓம் தங்கச்சி. தேத்தண்ணி நல்லா இருக்கு."

"சேர்ட சட்டைக்கும் பிடிச்சிட்டுது போல," என்றாள் ஒரு மருத்துவிச்சி.

நானா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மனைவியிடம் மாத்திரைப் போத்தலைக் கேட்டு வாங்கினார்.

நாங்கள் வெளிக்கிடும்போது, அவர் மனைவி அந்தக் குவளையில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

மேலே எழுதிய மூன்றாவது பிழை. மாற்றுச் சட்டை கொண்டுபோகாததைத் தவிர வேறு குறை தெரிந்தால் சொல்லுங்கள்.