பீர் முகமதுவின் ஆறு காரணங்கள்

மதுரைக் கால்பந்துக் கழகங்கள் ஏன் இத்தனை வருஷமாகியும் தேறவில்லை என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர் பிழைப்பு கெட்டது. சிம்மக்கல்லில் நைலான் கயிறும் தார்ப்பாயும் வலையும் மொத்த வியாபாரம் செய்கிற பீர் முகமது, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, ஆறு காரணங்களையும் வரிசையாகச் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். மைதானம் மேடு பள்ளம். ஆடிக் காற்று. நாலு மணி வெயில். அளவு பார்க்காமல் காற்றடித்த பந்து. முகூர்த்த நாளில் வைக்கிற இறுதி ஆட்டம். ஆறாவது, கொஞ்சம் ஆடத் தெரிந்த பையனுக்கு உடனே சென்னையில் வேலை கிடைத்துவிடுவது. ஆறாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். டீ அதற்குள் ஆறியிருக்கும்.

அவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் பேசுகிற ஆளும் இல்லை. மார்னிங் ஸ்டார் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். நாற்பத்தேழு வயதிலும் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற ஸ்டாப்பர் அவர்தான். தொப்பை முதலில் போய்ப் பந்தைத் தடுக்கும், அண்ணன் பின்னாலேயே வருவார் என்று அணிக்குள் ஒரு பேச்சு உண்டு. அது அவர் காதுக்குப் போகாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். கழகத்துக்கு வயது முப்பத்தொன்று. பதினோரு தடவை இரண்டாம் இடம் வந்திருக்கிறது. கோப்பை ஒன்றுகூட இல்லை. கே.கே. நகரில் வீடு கட்டியபோது, ஹாலில் கண்ணாடி அலமாரி செய்து நடுத்தட்டைக் கோப்பைக்கென்று காலியாக விட்டார். நாலு வருஷம் பொறுத்துப் பார்த்த மனைவி சைனப், அங்கே ஹாட்பாக்ஸைத் தூக்கி வைத்துவிட்டார்.

இந்த வருஷத்தோடு பூட்ஸைக் கழற்றிவிடுவதென்று பீர் முகமது முடிவு செய்திருந்தார். முழங்கால் பேச்சைக் கேட்பதில்லை. கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த ஹாட்பாக்ஸ் அங்கிருந்து நகர வேண்டும். மனிதருக்கு வேறு ஆசை கிடையாது. அதற்குத் தோதாக மார்னிங் ஸ்டாரும் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது.

இங்கே கழகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்னிங் ஸ்டாரில் பெனால்டி கிடைத்தால், களத்தில் இருப்பவர்களில் வயதில் மூத்தவர்தான் அடிப்பார். கழகத்தை ஆரம்பித்த ராயப்பன் சார் போட்ட சட்டம் அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். முதல் வருஷம் ஒரு மாமனும் மச்சானும் பெனால்டி யார் அடிப்பது என்று சட்டையைப் பிடித்துக்கொள்ள, சார் விசிலை ஊதி, “பெரியவன் அடிக்கட்டும்” என்றார். சண்டை அன்றோடு தீர்ந்தது. கோலும் அன்றோடு தீர்ந்தது. சார் காலமாகிவிட்டார், சட்டம் இருக்கிறது. பதினாலு வருஷமாகப் பெரியவர் பீர் முகமதுதான். மாவட்டத்தில் பாதி மைதானங்களுக்கு கோல் வலை அவர் கடைச் சரக்கு. அவர் அடித்த பெனால்டி ஒன்றுகூட அந்த வலையைத் தொட்டதில்லை.

இறுதி ஆட்டத்தன்று மத்தியானம், போட்டி மலருக்காக எழுதிய கட்டுரையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்துக் காட்டினார். ‘மதுரைக் கால்பந்து ஏன் எழவில்லை?’ நாலு பக்கம், ஆறு காரணம். சைனப் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“இந்தக் காத்துங்கிறதை எப்பங்க கண்டுபுடிச்சீங்க?”

“மேலூர் பைனல்ல. நம்ம டீமு ஆல்பின்தான் சொன்னான்.”

“அன்னைக்கு பெனால்டி யாரு அடிச்சா?”

பீர் முகமது அப்பளத்தை நொறுக்கினார். “நாந்தான்.”

“வெயிலு?”

“அது அசீம் சொன்னது. திருமங்கலத்துல.”

“அன்னைக்கு?”

அவர் சோற்றைப் பிசைந்தார். சைனப் விடுகிற ஆள் இல்லை. பந்தில் காற்று கூடிப்போனது, முகூர்த்த நாள், மேடு பள்ளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டியது. பீர் முகமது பெனால்டியை வெளியே அடிக்கிறார். எவனாவது ஒருத்தன் ஓடிவந்து தோளில் கைபோட்டு ஒரு காரணம் சொல்கிறான். அண்ணன் அதை மறுநாள் கடையில் வைத்துப் பரப்புகிறார். சென்னை வேலை மட்டும்தான் அவராகக் கண்டுபிடித்தது. அதுவும், ஐந்து காரணம் என்றால் ஒரு எடுப்பாக இல்லையே என்று சேர்த்தது.

“அம்புட்டுப் பேரும் உங்க மேல பாசமா இருக்காய்ங்க. அதான் உங்க டீமுக்கு வந்த கேடு” என்றார் சைனப்.

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பதினாலு வருஷம் ஊரையே குறை சொல்லியிருக்கிறோம், காற்றைக்கூட விடவில்லை என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டுரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் மைதானத்தில் ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. போன மாதம்தான் புதிதாகப் புல் போட்டிருந்தார்கள். மேகமூட்டம். இலை அசையவில்லை. முகூர்த்தமும் இல்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய மூன்று நிமிடம் இருக்கையில் அசீமை எதிராளி கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் சாய்த்துவிட, நடுவர் பெனால்டி கொடுத்தார்.

பந்து தானாகவே பீர் முகமதுவிடம் வந்தது. அவர் அதை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார்.

“நான் அடிக்கல. ஆல்பினு, நீ அடி.”

நாற்பத்துமூன்று வயது ஆல்பின் பதறிப்போனார். “நீங்க நிக்கும்போது நான் எப்படிண்ணே? அசீம் அடிக்கட்டும்.”

“ஆல்பின் அண்ணனை வச்சுக்கிட்டு நானா?” என்று அசீம் இரண்டடி பின்னால் போனான். பந்து கல்யாண வீட்டுத் தாம்பாளம் போலக் கைக்குக் கை மாறியது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை ஊதினார், கடைசியில் மஞ்சள் அட்டையைக் காட்டினார். அது யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

பீர் முகமது பந்தைப் பிடுங்கி ஜெர்சனிடம் கொடுத்தார். இருபத்திரண்டு வயது. பயிற்சியில் பத்துக்கு ஒன்பது போடுகிறவன்.

“மாப்ள, நீ அடி.”

“அண்ணே, வேணாண்ணே.”

“பெரியவன் சொல்றேன்ல. அடி.”

பெரியவர் சொல்லை மீறுகிற பழக்கம் மார்னிங் ஸ்டாரில் கிடையாது. ஜெர்சன் பந்தை வைத்தான். பெட்டிக்கு வெளியே இடுப்பில் கைவைத்து நின்ற பீர் முகமதுவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஓடிவந்தான். கோல் பக்கம் அடிக்கவில்லை. பந்தை இரண்டு முழம் முன்னால் மெதுவாகத் தட்டிவிட்டு, மாப்பிள்ளைக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நின்றான். அப்படித் தட்டிய பந்தை அணியில் இன்னொருவர் ஓடிவந்து அடிக்க விதியில் இடமுண்டு.

“அடிங்கண்ணே” என்றான்.

அண்ணன் இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிவதற்குள், கோல்கீப்பர் நடந்து வந்து பந்தை எடுத்து ஓங்கி உதைத்தார். அது பறந்துபோய் விழுந்த இடத்தில் மார்னிங் ஸ்டாருக்கு ஸ்டாப்பர் இல்லை. ஸ்டாப்பர் இங்கே நின்றுகொண்டிருந்தார். இரண்டே தட்டலில் பந்து மார்னிங் ஸ்டார் வலைக்குள் போனது. பீர் முகமதுவின் கடை வலை, நல்ல உறுதியான சரக்கு.

ஆட்டம் முடிந்தும் ஜெர்சன் புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. பீர் முகமது அவனை நாலு கேள்வி கேட்பதற்காகத்தான் போனார். முப்பத்தொரு வருஷம், பதினோரு இறுதி ஆட்டம், முழங்கால், ஹாட்பாக்ஸ் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. பையன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

“உங்களுக்காகத்தாண்ணே தட்டுனேன். உங்களுக்கு இது கடைசி மேட்ச்சு.”

பீர் முகமது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அவன் தோளில் கையைப் போட்டார்.

“விடு மாப்ள. கிரவுண்டு சரியில்ல.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அதைச் சொன்னது தான் என்றே அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அணிக்காரர்கள் தன்னை ஏமாற்றியதாக மத்தியானத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைத்தான் சொல்ல முடியும்?

வாசலில் சைனப் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றார். இரண்டாம் இடத்துக்கான பன்னிரண்டாவது கேடயத்தை அவரிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“இன்னைக்கு என்னங்க காரணம்?”

“கிரவுண்டு.”

சைனப் மைதானத்தைப் பார்த்தார். ஜெர்சன் அங்கே இன்னும் உட்கார்ந்திருந்தான்.

“போன மாசந்தானங்க புதுசா புல்லு போட்டாங்க.”

“அதான்” என்றார் பீர் முகமது, வண்டியில் ஏறிக்கொண்டே. “ரொம்பப் புதுசு.”