முன் அனுபவம்: ஏதுமில்லை

எம்.பி.ஏ. என்பது, ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள் அந்த வேலையைப் பற்றிப் பேச, பார்க்காதவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொள்ளும் படிப்பு. பி.காம். முடித்த கையோடு, ஒரு நாள்கூட எங்கும் வேலைக்குப் போகாமல் நேரே இதில் வந்து விழுந்த சக பாவப்பட்டவர்களுக்கு, நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது.

முதல் வகுப்பு

எல்லோரும் எழுந்து பெயரையும் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். சரவணன் அண்ணே பேங்கில் ஆறு வருடம். அடுத்தவர் டயர் கம்பெனியில் நாலு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் எட்டு. நான் பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன். மிச்சத்துக்காகப் பேராசிரியர் காத்திருந்தார். மரியாதைக்கு நானும் காத்திருந்தேன். கடைசியில் அவரே சொன்னார்: “சரி, உட்காருங்க. உங்களுக்கு மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, அது ஒரு வசதி.”

குழு வேலை

ஐந்து பேர் சேர்ந்து ஒரு அறிக்கை தயாரிக்க வேண்டும். என்னை யாரும் கூப்பிடவில்லை. பாவம் பார்த்து சரவணன் அண்ணே சேர்த்துக்கொண்டார். பேங்க் கவுன்டரில் வரிசையைக் குறைப்பது பற்றி எனக்கு ஒரு யோசனை இருந்தது. சொன்னேன். நாலு பேரும் சாப்பாட்டுக்கு முன்னால் பிரார்த்தனை கேட்பதுபோல் கேட்டார்கள். பிறகு சரவணன் அண்ணே தோளில் கை போட்டார்: “நீ சொல்றது சரிதான் மாப்ள. ஆனா வாங்கிக் கட்டிக்கிட்டவன் சொன்னாத்தான் எடுபடும். நீ ஆரப்பாளையம் போயி பைண்டிங் பண்ணிட்டு வா.”

ஒரு வரி

கடைசி செமஸ்டரில் ஆள் எடுக்கக் கம்பெனிகள் வரும். விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஓர் இடம் இருக்கும். அதைக் காலியாக விட்ட சீனியர்கள் சிலரை உள்ளேயே கூப்பிடவில்லை. எனக்கு வேலை கிடைத்தால் தங்கச்சி அந்த ஜூனிலேயே காலேஜ், இல்லாவிட்டால் ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா முடிவு பண்ணியிருந்தார். ஆகவே எனக்கு அங்கே எழுத ஒரு வரி வேண்டும்.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் எங்காவது பயிற்சி எடுக்கலாம். போன கம்பெனிகளில் எல்லாம், பயிற்சிக்கு வரவே முன் அனுபவம் கேட்டார்கள். கடைசியில் காளவாசல் பக்கம் ஒரு பாத்திரக் கடை. முதலாளி ஷாஜகான் பாய் காலேஜ் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். “ரெண்டு மாசம் நாங்க வேலை செய்யிறத நீங்க நின்னு பாக்கணும், கடைசியில நான் ஒரு லெட்டர் குடுக்கணும். இம்புட்டுத்தானே? வாங்க.”

டோக்கன்

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்துக்குச் சீர் வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். கடை வாசலிலேயே மிஷினோடு முருகேசன் அண்ணே உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். மாமா பெயர் மட்டும் போதுமா, அத்தை பெயரும் வேண்டுமா, யாருடைய இனிஷியல் என்று அங்கேயே பஞ்சாயத்து நடக்கும். நான் செல்போனில் நேரம் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு நாற்பது நிமிடம். பாடப்புத்தகப்படி அவ்வளவும் வீண்.

முருகேசன் அண்ணனை மாடிக்கு அனுப்பிவிட்டு, பெயரைத் தாளில் எழுதி வாங்கி, டோக்கன் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லலாம் என்றேன். பாய் செய்து பாருங்கள் என்றார். வாசல் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நான் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். மதியம் சாப்பிட இறங்கிய முருகேசன் அண்ணே வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன பாய், இன்னைக்குக் கடை லீவா?”

ஒரு குடம்

முகூர்த்த வாரம். மூன்றே நாளில் விற்பனை பாதியாகிவிட்டது. ஏனென்று எனக்குப் பிடிபடவில்லை. அழகர்கோவில் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து, ஒரே ஒரு குடம் எடுத்து, டோக்கன் வாங்கிப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கை நிறையத் துணிப் பையோடு வந்து நின்றார்கள். வேறு எதுவும் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். குடத்தை வாங்கிய அம்மா பொறுமையாகச் சொன்னார்: “பேரு வெட்டுற வரைக்கும் சும்மா நிக்க முடியாமத்தான் தம்பி நாலு சாமான் எடுப்போம். நீங்கதான் போகச் சொல்லிட்டீகளே, எதுத்த கடையில சேலை எடுத்துட்டோம்.”

லெட்டர்

அன்றைக்கே மிஷினை நானே தூக்கிவந்து வாசலில் வைத்தேன். பாய் ஒயரைச் செருகிக் கொடுத்தார். கடைசி நாளில், நீங்களே எழுதி வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வீட்டில் உட்கார்ந்து யோசித்து, ‘வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தை அறவே இல்லாமல் ஆக்கினார்’ என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாய் படித்தார், முத்திரையைத் தேடி எடுத்தார். “வாடிக்கையாளரையும்னு சேத்துக்கலாம். இடம் பத்தாது, இருக்கட்டும்.”

நேர்முகம்

சமையலறைச் சாமான் விற்கும் கம்பெனி. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா. அந்த வரியைப் படித்துவிட்டு, அதனால் வியாபாரம் எம்புட்டுக் கூடியது என்று கேட்டார். கூடியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது ‘பாதியாகக் குறைந்தது’. ஏன் என்றார். குடம், வேன், சேலை எல்லாம் சொன்னேன். எழுந்து போகச் சொல்வார் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடினார்: “காலையில இருந்து வந்த எல்லாரும் வியாபாரத்தக் கூட்டுனவங்கதான். கொறச்சேன்னும் ஏன் கொறஞ்சுச்சுன்னும் சொன்னது நீங்க ஒருத்தர்தான். ட்ரெய்னியாத்தான் எடுக்க முடியும், பரவாயில்லையா?”

தங்கச்சி காலேஜில் சேர்ந்துவிட்டாள். வேலைக்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு ஒரு தப்பு வேண்டும், தப்புச் செய்வதற்கு யாராவது ஒருவர் தன் கடையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இரண்டு வருடத்தில் நான் படித்த மேலாண்மை.