இசக்கி சொன்னபடி ஒரு கடிதம்

போன மாதம், மும்பை தாராவியில் இருக்கும், எழுதத் தெரியாத இசக்கிக்காக, திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் அவள் தாய்க்குக் கடிதம் எழுதினேன். அவள் பேச்சில் கலந்திருந்த இந்தியை நீக்கி, நல்ல தமிழில் எழுதினேன்.

இன்று பதிலோடு மாதுங்காவில் என் வீட்டுக்கு வந்தாள். தாய் யாரையோ கொண்டு எழுதியிருந்தாள்: "எம் மவ இப்படிப் பேசமாட்டா. அவ உசுரோட இருக்காளா? மறைக்காம எழுதுங்க."

"உங்க தமிழ்ல என்னையக் கொன்னுட்டீங்களேம்மா," என்றாள் இசக்கி. "இப்ப நான் சொல்லுததை அப்படியே எழுதுங்க."

எழுதினேன். "அம்மா, ஃபிகர் பண்ணாத. தபியத் டீக்கா இருக்கு."

கவலைப்படாதே, உடம்பு நலம் என்கிறாள். ஊரில் அதை யார் புரிந்துகொள்வார்கள்?

தபாலில் போட்டுவிட்டேன். அந்தத் தாய் எதிர்பார்க்கும் பழைய ஊர்ப் பேச்சு, இந்தி கலந்துவிட்ட மகளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.